தங்கத்துக்கு அடுத்த கட்டம்

லவாயின் கட்டைவிரல் விமானத்துக்குள் இறங்கியது.

அவன் ஒன்றும் பலம் காட்டவில்லை. சும்மா அழுத்திப் பார்த்தான். நகம் முழுதும் உள்ளே போய்விட்டது, கனிந்த வாழைப்பழத்தில் போவது மாதிரி. அது ரப்பரும் இல்லை, மரமும் இல்லை. இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பி விமானத்தின் உடம்போடு வந்து சேர்கிற சட்டம். ஸ்பேனரால் தட்டினால் மணி மாதிரி பதில் சொல்ல வேண்டிய அலுமினியம்.

விரலை வெளியே எடுத்தான். ஈரச் சாம்பல் ஒட்டியிருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். தரைத் தகட்டுக்கு அடியில், சட்டம் நெடுக, வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது. பூசணம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பூசணம் படுத்துக் கிடக்கும். இது இழை இழையாக எழுந்து நின்றது. ஓர் இழை, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீண்டது.

"லவாய், ரெண்டு சீட்டைக் கழட்டச் சொன்னா உள்ளயே குடித்தனம் ஆரம்பிச்சுட்டியா?" வெளியிலிருந்து கேப்டன் ரும்பாயானின் குரல். "மேகம் ஏறுதுப்பா."

"வந்துட்டேன் கேப்டன்."

சீட்டைக் கழற்றியது அவன் தங்கையைப் படுக்க வைக்க. ஊசுனுக்கு அன்று விடியும்போது பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நன்றாக அழுதது. நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. கடற்கரை ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மலையைத் தாண்டிப் பறந்தால் ஒரு சாப்பாட்டு நேரம்கூட ஆகாது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதையை மழை கொண்டுபோய்விட்டது. ஆற்றில் இறங்கினால், பாறைச் சுழல்களைத் தாண்டி ஊர் போய்ச் சேரக் வாரக்கணக்கில் ஆகும். எங்கள் மலைக்கிராமம் லோங் பெலாய்க்கு இந்த ஒற்றை இன்ஜின் விமானம்தான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். லவாய் அதன் மெக்கானிக். காலையில் டீசல் பீப்பாய்களோடு அதில்தான் வந்து இறங்கினான், தங்கைக்குப் பிள்ளை பிறந்த நாளிலேயே வந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு.

இப்போது தரைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே வேறு யாரும் இல்லை. அவன் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. தகட்டை எடுத்த இடத்தில் வைத்தான். ஒரு திருகை முடுக்கினான். இன்னொன்றையும் முடுக்கினான்.

இறங்கிக் கொட்டகையை நோக்கி நடந்தான்.

அந்தக் கொட்டகை முன்பு பள்ளிக்கூடமாக இருந்தது. பள்ளி மேட்டுக்கு மாறியபின் ஒரு பாதி விமானத்துக்குக் காத்திருக்கிற இடம், மறு பாதி நர்ஸ் தபிதாவின் வைத்திய அறை. வாசலில் ஆள் ஏறும் தராசு. விமானத்தில் ஏற வேண்டுமென்றால் யாராயிருந்தாலும் மூட்டையோடு அதில் ஏறியாக வேண்டும். ஊரே பார்க்கும், ஊரே சிரிக்கும்.

"அண்ணே." பாயிலிருந்து ஊசுன் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. "என்னையும் தராசுல ஏத்துவியா? இப்ப பாதி எடைதான் இருப்பேன். மீதி எல்லாம் தபிதாக்கா வாளியில போச்சு."

"வாய மூடிட்டுப் படு," என்றாள் தபிதா. அவள் ஒரு கை ஊசுனின் வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்தது. விடியலிலிருந்து அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. "இந்த நெலமையிலயும் கிண்டல் பேசற ஒரே பொம்பளை இவதான். அண்ணே, ரெடியா?"

ஊசுனின் புருஷன் ஜாலுங் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கையில் ஒரு மோதிரம். லவாயின் கண் அதில் நின்றது.

வெள்ளை மோதிரம்.

கல்யாணத்துக்கு அந்த மோதிரத்தைக் கடற்கரை ஊரிலிருந்து வாங்கி வந்தவனே லவாய்தான். மஞ்சளாக மின்னிய தங்கம். வளைவில் சிறிய இருவாச்சிப் பறவை செதுக்கியது. பறவை அப்படியே இருந்தது. நிறம்தான் போயிருந்தது, ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி.

ஜாலுங் கையைக் குழந்தையின் துணிக்குள் இழுத்துக்கொண்டான்.

லவாய் தலையைத் தூக்கினான். ஊசுனுக்கு மேலே, சுவரில், பள்ளிக்கூடம் விட்டுவிட்டுப் போன தனிம அட்டவணை தொங்கியது. ஓரங்களைக் கரையான் தின்ற அட்டை. அவன் சிறுவயதில் இதே அறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது. இடது ஓரத்தில் இருக்கிறவர்கள் மூர்க்கர்கள். கீழே இறங்க இறங்க மூர்க்கம் ஏறும். சோடியம் தண்ணீரைக் கண்டால் சீறும், பொட்டாசியம் தீயே பிடிக்கும். நடுவில் கதை தலைகீழ். செம்பு, அதற்குக் கீழே வெள்ளி, அதற்கும் கீழே தங்கம். இறங்க இறங்க அடக்கம். தங்கத்தை ஆற்றிலே போடு, சேற்றிலே போடு, உப்பிலே புதை, எவனோடும் சேராது.

அலுமினியம் எங்கே? சோடியம், மக்னீசியம், ஒரு பெரிய இடைவெளி, அப்புறம் அலுமினியம். ஒரே வரிசை. வலது பக்கம் தள்ளி இருப்பதால் சோடியம் அளவுக்கு வெறி இல்லை, ஆனாலும் இரும்பைவிட ஆத்திரக்காரன். காற்றில் பட்ட உடனே துருப்பிடித்துவிடுவான். அந்தத் துருவே மெல்லிய தோலாகி அவனைப் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோலை நம்பித்தான் சமையல் பாத்திரம், ஜன்னல், விமானம் எல்லாம். தோல் கிழிந்தாலும் அந்தக் கணமே ஆறிவிடும்.

ஒரே ஒருத்தன் வந்தால் மட்டும் ஆறாது. தங்கத்துக்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறான். பாதரசம். யாரோடும் சேராத தங்கத்தையே கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறவன். அலுமினியத்தில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், உள்ளே நுழைந்து தோல் மூட விடாமல் உட்கார்ந்துகொள்வான். அப்புறம் காற்றும் ஈரமும் உலோகத்தைத் தின்னும். பாதரசம் செலவாகாது. தின்று முடித்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்கு நகரும். விமானத்தில் ஏற்றவே கூடாத பொருள் என்று மெக்கானிக் பயிற்சியில் முதலில் சொல்வது அதைத்தான்.

தங்க மோதிரத்தை வெள்ளையாக்கவும் அது ஒன்றால்தான் முடியும்.

"மாப்ள," என்றான் லவாய். "கொஞ்சம் வெளிய வா."

கொட்டகைக்குப் பின்னால், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தினான்.

"கையக் காட்டு."

"எதுக்கு மச்சான்?"

"காட்டு."

ஜாலுங் காட்டவில்லை. அவன் முகமே காட்டிவிட்டது.

"போன மாசம் நீ நம்ம விமானத்துல வந்தப்பவா?"

"கொஞ்சந்தான் மச்சான். மூடி சரியா இறுகல. மேகத்துக்குள்ள விமானம் குலுங்குச்சில்ல, அப்ப கவுந்துருச்சு. துணியால தொடச்சேன். தொடச்சாச்சுன்னுதான் நெனச்சேன்."

"பாதரசத்தைத் துணியால தொடச்சியா?"

"உருண்டு உருண்டு ஓடுச்சு. புடிக்க முடியல. எல்லாரும் பாக்கறாங்கன்னு காலை வெச்சு மறைச்சுக்கிட்டேன்."

லவாய்க்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கடற்கரை ஊர் ஓடுதளத்தில் மூட்டைகளை எடை போட்டவன் அவனேதான். ஜாலுங் ஒரு துணி மூட்டை கொண்டுவந்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்றான். தராசு முள் எகிறியது. "ஏன் மாப்ள, பிள்ளைக்குச் சட்டையா வாங்கின, ஆத்துக் கல்லா?" என்று லவாய் கேட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "உங்க குடும்பத்துப் பிள்ளை மச்சான், கனமாத்தான் இருக்கும்," என்றான் ஜாலுங். அதற்கும் சிரித்தார்கள். பிறக்காத பிள்ளையின் மூட்டையைப் பிரித்தால் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் ஊரில் யாரும் பிரிக்க மாட்டார்கள். எல்லாருடைய பையிலும் கைவிட்டுப் பார்க்கிற லவாய் அந்த மூட்டையை மட்டும் தொடவில்லை. தானே தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தான், வலது பக்கச் சட்டத்துக்குப் பக்கத்தில்.

அந்தச் சட்டத்தின்மேல்தான் ஒவ்வொரு நடையிலும் டீசல் பீப்பாய்களை இழுத்துக் கீறினார்கள்.

"எதுக்குடா உனக்கு அது?"

"மேல ஆத்துல எல்லாரும் அதை வெச்சுத்தான் பொன்னு எடுக்கறாங்க." ஜாலுங் தரையைப் பார்த்துப் பேசினான். "கொஞ்சம் கெடச்சாப் போதும், இவளைப் பிரசவத்துக்கு முன்னாடியே கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்க வெச்சிருப்பேன். மொதப் பிள்ளை செத்துப் பொறந்ததுலேர்ந்து அவளுக்கு ராத்திரி தூக்கமே இல்ல மச்சான். அதுக்குத்தான்."

லவாய் அவனை அடிக்க வேண்டும் என்று நினைத்தான். கையைத் தூக்கவும் செய்தான். ஜாலுங்கின் தோளில் குழந்தை கொட்டாவி விட்டது. கை தானாக இறங்கியது.

கேப்டனிடம் அவன் மறைக்கவில்லை. தகட்டைத் திறந்து காட்டினான். ரும்பாயான் மண்டியிட்டுப் பார்த்தார். பைக்குள்ளிருந்து சிகரெட்டை எடுத்தார், விமானத்துக்குள் இருக்கிறோம் என்பது உறைத்து மறுபடி உள்ளே வைத்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

"பாதரசம். யார் கொண்டுவந்தாங்கன்னு அப்புறம் பேசலாம்."

"வலது பக்கம் மட்டுந்தானா?"

"இடது பக்கம் இன்னும் தெறக்கல."

"தெறக்காத."

வெளியே ஓடுதளம் சரிந்து இறங்கி, முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு திறந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து கிளம்புகிற விமானம் ஏறுவதில்லை. விளிம்பில் விழுந்து, விழுந்தபடியே பறக்கக் கற்றுக்கொள்ளும். அந்த இடத்தில்தான் இறக்கைமேல் மொத்த பாரமும் வரும்.

"தாங்குமா?" என்றார் கேப்டன்.

"தாங்கலாம்."

"தாங்காட்டி?"

"உங்களுக்குத் தெரியாததா?"

ரும்பாயான் தொப்பியைக் கழற்றி முழங்காலில் போட்டார். "இங்க பாரு லவாய். எனக்கு வீட்ல காத்திருக்க ஆளில்ல. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, பையன் போன் பண்றதே கிறிஸ்துமஸுக்குத்தான். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எடுத்துடறேன். நானும் உன் தங்கச்சியும். வேற யாரும் வேண்டாம்."

"அப்ப அவ வயித்தை யார் புடிக்கிறது?"

தன் அக்கா மகளைக் கொஞ்ச நேரம் வயிற்றை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விமானக் கதவருகில் ரத்தக் கையோடு தபிதா வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"வழியெல்லாம் என் கை இல்லாட்டி அவ மலையைக்கூடத் தாண்ட மாட்டா. நானும் ஏறணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஏறச் சொன்னா ஏறறேன் அண்ணே. என் ரெண்டு பசங்களும் மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்காங்க. அதை மட்டும் சொல்லிடறேன். முடிவு நீங்க எடுங்க, சீக்கிரம் எடுங்க."

இரண்டு பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் ஒருவன் சரி என்று சொன்னால் பறந்துவிடும். அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

"பறக்காது," என்றான் லவாய்.

பின்னாலேயே ஓடிவந்த ஜாலுங் அதைக் கேட்டான்.

"காலைல அதுலதான மச்சான் வந்தீங்க? பீப்பா பீப்பாயா ஏத்திக்கிட்டு. அப்பல்லாம் பறந்துச்சே."

"காலைல எனக்குத் தெரியாது."

"தெரியாத மாதிரியே இருங்க. நானும் ஏறறேன். விழுந்தா நானும் சாவறேன். உங்க கால்ல விழறேன் மச்சான்."

விழவும் செய்தான். லவாய் காலை விடுவித்துக்கொண்டு ரேடியோவிடம் போனான்.

கடற்கரை ஊரில் இன்னொரு விமானம் இருந்தது. உடனே கிளப்புகிறோம் என்றார்கள். மலையின் கணவாயில் மேகம் அடைப்பதற்குள் வந்துவிட்டால் இறங்கிவிடலாம், இல்லையென்றால் நாளைக் காலைதான். கேப்டன் கணவாயைப் பார்த்தார். ஓடுதளத்தில் மேய்ந்த எருமைகளைத் துரத்தப் போனார். ஊர் ஆண்கள் நாலைந்து பேர் நீளப் படகையும் ஆற்றோரம் இறக்கி வைத்தார்கள், என்னதான் வழி என்று தெரியாவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல்.

லவாய் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"ஏன் கெளம்பல?"

"ரிப்பேர். வேற விமானம் வருது."

"உனக்குப் பொய் சொல்ல வராது அண்ணே. சின்னதுலயே வராது." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பெரிய ரிப்பேரா?"

"ஆமா."

"உன்னாலயே முடியாத ரிப்பேரா?"

"என்னால முடியாது."

"அப்பச் சரி." கொஞ்ச நேரம் கழித்து, "ஜாலுங் ஏன் அழறான்? அவனை உள்ள கூப்பிடு. பிள்ளையை முதுகுல சுமக்கிற பலகைக்கு மணி கோத்து வெச்சிருக்கேன். கடைசி வரிசை பாக்கி. அவனுக்குக் கோக்கத் தெரியாது, நீ முடிச்சுடு."

"நீயே முடிப்ப."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

சத்தம் வந்தது மதியத்துக்கு மேல். முதலில் கேட்டவள் ஊசுன்தான். "வந்துருச்சு," என்றாள். எல்லாரும் வெளியே ஓடினார்கள். மேகம் அதற்குள் மரங்களின் உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தது. இன்ஜின் சத்தம் தலைக்கு மேலேயே கேட்டது. வட்டமடித்தது. கேப்டன் கை ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தார்: எங்கயாவது ஓட்டை தெரியுதா பாரு, தெக்கால பாரு, ஆத்துப் பக்கம் பாரு. சத்தம் தெற்கே போனது, திரும்பி வந்தது. இன்னொரு வட்டம். பிறகு மெல்ல மெல்லக் கிழக்கே தேய்ந்து, கடைசியில் அது சத்தமா காதின் இரைச்சலா என்று தெரியாமல் ஆயிற்று.

உள்ளே தபிதா வயிற்றிலிருந்து கையை எடுத்திருந்தாள். விரல்களை மடக்கி நீட்ட முடியாமல், அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த லவாய் குனிந்து தங்கையின் கண்களை மூடினான்.

கம்பெனி ஆட்கள் மூன்று பேர் மறு வாரம் அந்த இன்னொரு விமானத்தில் வந்து தரைத் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இடது பக்கச் சட்டத்தைத் திறந்தபோது ஒருவர் வெறும் கையால் ஒரு துண்டை உடைத்து எடுத்தார். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

"இது அந்தப் பக்கத்தை விட மோசம்," என்றார். "ஓடுதள விளிம்பைத் தாண்டியிருந்தா அத்தனை பேரும் போயிருப்பீங்க. உங்களுக்குத்தாங்க நன்றி சொல்லணும்."

கையை நீட்டினார். லவாய் கையைக் கொடுத்தான்.

தான் செய்தது சரி என்று தெரிந்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். ஒன்றும் இறங்கவில்லை. சட்டம் உறுதியாக இருந்திருந்தால் தன்னைத் தானே சபித்துக்கொண்டிருக்கலாம்; அந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

"பாதரசம் யார் கொண்டுவந்ததுன்னு தெரியுமா?"

"தெரியாது," என்றான். தங்கையிடம் சொன்னதற்கு அடுத்தபடி அவன் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் நம்பினார்.

இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உடம்பை விட்டுவிட்டார்கள். உருக்கக்கூட உதவாது, உருக்கினால் உலையையும் கெடுக்கும் என்றார்கள். ஓடுதளத்தின் ஓரத்தில், இறக்கை சாய்ந்து, அது கிடக்கிறது. எங்களுக்கென்று வேறு விமானம் எப்போது வரும் என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்கள். உப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. மேட்டுத் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் நிறைமாதமாக இருக்கிறார்கள்; அவர்கள் வீட்டார் தினமும் கணவாயைப் பார்க்கிறார்கள்.

ஒரு மாலை லவாய் குழந்தையைப் பார்க்கப் போனான். மணி கோத்த பலகையைக் கையில் எடுத்துப் போனான்; கடைசி வரிசையை முடித்திருந்தான், கோணல் மாணலாக.

ஜாலுங் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தான். கரித் துண்டுகளின்மேல் ஒரு தகர மூடி. மூடியில் மோதிரம். இரண்டடி தள்ளித் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ற?"

"மேல ஆத்துல இப்படித்தான் பண்ணுவாங்க மச்சான். சூடு ஏறினா பாதரசம் ஆவியாப் போயிடும். தங்கம் நின்னுடும்." குறட்டால் மோதிரத்தைத் தூக்கிக் காட்டினான். ஓரத்தில் மஞ்சள் திரும்பியிருந்தது. தேய்ந்து, புள்ளி புள்ளியாக அரித்து, ஆனாலும் மஞ்சள்தான். பறவையின் அலகு தெரிந்தது. "பாருங்க. பழைய மாதிரியே வருது."

அவன் முகத்தில் பல நாள் கழித்து ஏதோ ஒன்று அசைந்தது.

"ஜன்னலைத் தெற," என்றான் லவாய்.

"ஏன்?"

"அந்த விஷ ஆவி எங்க போகுதுன்னு நெனைக்கிற?"

ஜாலுங் தொட்டிலைப் பார்த்தான். மோதிரத்தைப் பார்த்தான். அவன் கையிலிருந்து குறடு விழுந்தது. மோதிரம் கரிக்குள் உருண்டு போனது. அதை எடுக்க அவன் கை நீளவில்லை. ஜன்னலைத் திறக்கவும் எழவில்லை. குந்தியபடியே இருந்தான்.

லவாய் குழந்தையை வாரிப் பலகையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். அந்த ஆவிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. எவ்வளவு தூரம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. காற்று வீட்டுப் பக்கமிருந்துதான் வீசியது. ஓடுதளத்தில் இறங்கி நடந்தான். விமானத்தைக் கடந்தபோது பார்த்தான். கதவின் கீழ் விளிம்பு வரைக்கும் வெள்ளை வந்துவிட்டிருந்தது, அந்திக் காற்றில் இழைகள் ஆடின. குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அவன் நிற்காமல் நடந்தான், ஓடுதளம் முடிந்து பள்ளத்தாக்கு தொடங்குகிற இடம் வரைக்கும். அதற்கு மேல் போக இடமில்லை.